பர்மிஷன் அண்ணன்

அவர் வீட்டுக் குக்கர் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. எப்போதோ இரவல் கொடுத்தது. ஒரு பொங்கல் நோம்பிக்கு உறவுக்காரர்கள் கூட்டமாக வந்து இறங்கவும், அவர் மனைவி, "போய் நம்ம குக்கரை வாங்கிட்டு வாங்க" என்று விரட்டியிருக்கிறார். மனிதர் போனார். போய், "ஏனுங்க, உங்க குக்கரைச் சித்த குடுக்கறீங்களா? பொழுதோட கொண்டாந்து குடுத்தர்றேன்" என்று சொந்தக் குக்கரையே இரவலாகக் கேட்டு வாங்கி வந்தார். சமையல் முடிந்ததும் கழுவித் துடைத்துத் திருப்பியும் கொடுத்துவிட்டார்.

இதை அந்த அக்காவே ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனிக்கு வந்திருந்தபோது என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பக்கத்தில் சுண்டல் பொட்டலத்தோடு நின்றிருந்த இவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அவங்க அதுல சமைச்சுப் பழகிட்டாங்க. திடுதிப்புன்னு கேட்டா மனசு சங்கட்டப்படுமில்லீங்க அம்மணி?" என்று என்னிடமே நியாயம் கேட்டார்.

இவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கூசிப்போவார். கம்பெனியிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் பர்மிஷன் அண்ணன். பெரிய முதலாளிகூட, "நம்ம பர்மிஷன் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்.

கோயமுத்தூரில் கணபதிக்குப் பின்னால், சந்துக்கு இரண்டு லேத் பட்டறை இருக்கும் பகுதியில், நடுத்தரமான ஒரு பம்ப் கம்பெனி அது. கல்யாணமாகி உடுமலைப்பேட்டைக்கு வரும்வரை அங்கே கொட்டேஷன் எழுதும் வேலையில் இருந்தேன். என் மேஜைக்கு அடுத்த மேஜை அண்ணனுடையது. என் அப்பா பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரி. கொடுத்த சாக்கைத் திரும்ப வாங்காமல் ஒரு வண்டியையும் வாசலைத் தாண்ட விடமாட்டார். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, பக்கத்து மேஜையில் இப்படி ஒரு பிறவி உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பெனியின் ஃபைல்கள் எல்லாம் ஒரு சாப்ட்வேருக்குள் இருந்தன. விலைப்பட்டியல், டிராயிங், ஸ்டாக், தினமும் எந்த லாரியில் எந்த ஊர் டீலருக்கு எத்தனை பம்ப் ஏற்றுவது என்கிற டிஸ்பாட்ச் பிளான், சுற்றுலா போன போட்டோ வரை எல்லாம் அதிலேதான். எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம் என்று முடிவு செய்யும் அட்மின் சாவி அண்ணன் ஒருவர் கையில் மட்டும். யாருக்கு எது வேண்டுமானாலும் அவர் மேஜைக்கு வந்து நிற்கவேண்டும். அவர் அந்த ஆளின் பெயரை அந்த ஃபோல்டரில் சேர்த்துவிடுவார். ஆளுக்கு ஆள், ஃபோல்டருக்கு ஃபோல்டர், இப்படியே வருடக்கணக்காக.

வந்து நிற்கிறவரை முதலில் "சாப்டீங்களா?" என்பார். பிறகு, "பாத்தாப் போதுங்களா, திருத்தோணுங்களா?" என்பார்.

"பாத்தாப் போதுங்ணா."

"இருக்கட்டுங்க, திருத்தறதுக்கும் சேத்தே குடுத்துர்றேன். பின்னால ஒருக்கா வந்து கேக்கறதுக்கு உங்களுக்குச் சங்கட்டமா இருக்கும்."

எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமாம். கொடுத்ததைத் திரும்ப எடுத்ததும் இல்லை. எடுத்தால் கோபித்துக்கொண்டதாக ஆகிவிடுமாம். காலேஜிலிருந்து ஒரு மாதம் பயிற்சிக்கு வந்து, டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுப் போன பையன்கள் அத்தனை பேருக்கும் எங்கள் டிராயிங் ஃபோல்டர் திறந்துகிடந்தது. ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஸ்டோர் கீப்பர் நினைத்தால் எங்கள் ஸ்டாக்கைத் திருத்தலாம். அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருமுறை ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்தவருக்குத் தன் சுழல் நாற்காலியைக் கொடுத்துவிட்டு அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறினார். ஆடிட்டர் போனதும் மார்க்கெட்டிங்கில் புதிதாகச் சேர்ந்தவர் அதில் உட்கார்ந்துவிட்டார். நான் இருந்த காலம் முழுக்க அண்ணன் பிளாஸ்டிக்கில்தான். "அண்ணா, அது உங்க சேருன்னு நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று எழுந்தேன். "அட சாமி, வேண்டாமுங்க அம்மணி, இதுலயே முதுகு நேரா இருக்குதுங்க" என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தார். கெரகமே என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இனி நசீமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கோட்டைமேட்டுப் பெண். பி.காம். படித்துவிட்டு எங்கள் பில் செக்‌ஷனில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். டிஸ்பாட்ச் பொறுப்பில் இருந்த கதிர்வேல் வேலையை விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி வேறொரு பம்ப் கம்பெனிக்குப் போனார். அவர் இடத்துக்கு ஆள் போடவேண்டும் என்று பெரிய முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார், போடவில்லை. அதற்குள் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போய், கம்பெனிக்கு வருவதே குறைந்தது. லாரிகள் அதற்காகக் காத்திருக்குமா?

பில் அடிக்கிறவள் என்பதால் டிரைவர்கள் நசீமாவிடம்தான் வந்து கத்துவார்கள். ஒருநாள் அவள் அண்ணனிடம் வந்து, "அண்ணா, டிஸ்பாட்ச் பிளானைப் பாக்க மட்டும் குடுங்கணா, பவானி லோடு எப்பன்னு சொல்லி அனுப்பீர்றேன்" என்றாள். வழக்கம்போல் திருத்தவும் சேர்த்துக் கொடுத்தார். பிறகு லாரி புக்கிங் கேட்டாள். டீலர் ஸ்டாக் கேட்டாள். ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போனார். மெல்ல மெல்ல டிஸ்பாட்ச் முழுக்க நசீமாவின் தலையில் வந்து உட்கார்ந்தது. அவளுக்கு அது பாரமாக இல்லை. பில் அடிக்கும்போது வாய் திறக்காதவள், உடுமலை லோடையும் பொள்ளாச்சி லோடையும் ஒரே வண்டியில் போட்டு வாடகை மிச்சப்படுத்திய அன்று என் மேஜைக்கு வந்து டிபன் பாக்ஸைத் தட்டித் தட்டிப் பேசினாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் சம்பளச் சீட்டில் அவள் பில் தட்டச்சு. அதை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மேலே இருந்தவர்களுக்கு, லாரி போகிறது, அவ்வளவுதான் தெரியும்.

எல்லாம் கிளம்பியது கதிர்வேல் பத்திரிகை வைக்க வந்த அன்றுதான்.

கவுண்டம்பாளையம் பக்கம் புது வீடு கட்டி, கிரகப்பிரவேசப் பத்திரிகையோடு வந்திருந்தார். எனக்குக் கொடுத்தார், அண்ணனுக்குக் கொடுத்தார். டீ குடித்தார். சிமெண்ட் விலை பேசினார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். சிறுவாணித் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருகிறது என்று பேசினார். மறுபடி எழுந்தார். எனக்கே பொறுக்கவில்லை.

"கதிரண்ணா, என்னமோ சொல்ல வந்தீங்க, சொல்லீருங்க" என்றேன்.

அவர் நெளிந்தார். "அண்ணா, தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. உங்க டிஸ்பாட்ச் பிளானு தெனமும் காலைல என்ற போன்ல வந்து நிக்குதுங்ணா. எந்த டீலருக்கு எத்தனை போகுதுன்னு அல்லாம் வருது. நான் தெறக்கறதில்லீங்க, சத்தியமா. ஆனா எங்க மொதலாளி ஒருநாள் என்ற போனைப் பாத்துப்போட்டா..."

அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ங்களே?"

"சொன்னா உங்க மேல குத்தம் சொன்ன மாதிரி ஆயிருமேன்னு இருந்துட்டனுங்க. நீங்களே எடுத்துப்போடுவீங்கன்னு நெனச்சேன்."

"நான் எடுத்தா, நீங்க வேலைய உட்டுப்போனதுக்குக் கோவிச்சுட்டேன்னு நெனைப்பீங்களேன்னு நான் இருந்துட்டனுங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். போட்டிக் கம்பெனிக்காரர் ஒருவரின் பாக்கெட்டில் எங்கள் வியாபாரம் முழுக்க மாதக்கணக்காகக் கிடந்திருக்கிறது. ஒருவர் மரியாதைக்காக மூடவில்லை, இன்னொருவர் மரியாதைக்காகச் சொல்லவில்லை. வேறு ஊரில் இது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் நடக்கும்.

பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் சின்ன மேடம். பெரிய முதலாளியின் மகள், அப்போதுதான் பொறுப்புக்கு வந்தவர். சிறு பிள்ளையிலிருந்து பார்த்த பழக்கத்தில் அண்ணன் அவரையும் அம்மணி என்றுதான் கூப்பிடுவார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கதிர்வேலுக்கு நன்றி சொல்லி வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, அண்ணன் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏனுங்கண்ணா, ஊட்டுக் கதவ இப்படியா தெறந்து போட்டு வெப்பீங்க?"

"தப்புதானுங்க அம்மணி."

"இனிமே எந்த ஃபைலும் யாரு பேருக்கும் வேண்டாங்ணா. வேலைக்குத்தான் குடுக்கோணும். ரோல்னு ஒண்ணு வெச்சுருவோம். டிஸ்பாட்ச் வேலைக்கு இந்த இந்த ஃபோல்டர், பில் வேலைக்கு இந்த இந்த ஃபோல்டர். ஆள் அந்த வேலைக்கு வந்தா தானாத் தெறக்கும். வேலைய உட்டுப் போனா தானா மூடிக்கும்."

அண்ணன் நிமிர்ந்தார். "தானா மூடிக்கும்ங்களா?"

"ஆமாங்க."

"அப்ப நான் எடுக்க வேண்டியதில்லீங்களா?"

"நீங்க எடுக்கவே வேண்டியதில்லீங்க."

அந்த முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன். பல வருடமாக யாரோ தலையில் வைத்திருந்த சுமையை இறக்கினாற்போல் இருந்தார். அடுத்த பேச்சு அதைக் கெடுத்தது. "ஆனா அதுக்கு மொதல்ல, இப்ப இருக்கற பேரை எல்லாம் எடுத்துப்போடோணும்ங்ணா. இந்த மாசத்துக்குள்ள முடிச்சுருங்க" என்று சொல்லிவிட்டு மேடம் எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து ஒரு கூத்து ஆரம்பித்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு பொத்தானை அமுக்கினால் போகிற பெயர்களுக்காக, அண்ணன் ஒவ்வொருவரிடமாக நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்து எடுத்தார். பட்டறைக்குள் எண்ணெய்க் கைகளோடு நிற்கிறவர்களிடம் போய், "உங்க பேரை எடுத்துப்போட்டு உங்க வேலையைப் போடறனுங்க, தப்பா நெனைக்காதீங்க" என்றார். மோட்டாருக்குக் காயில் சுற்றும் வைண்டிங் பிரிவின் ஃபோர்மேன் முகம் சுண்டிவிட்டது. "இத்தன வருசம் இருந்தும் என்ற பேரு வேண்டாம்னு போச்சுங்களா?" என்று கேட்டார்.

"அப்படியில்லீங்க. பஸ்ஸுல கண்டக்டர் சீட்டு இருக்குதுங்களே, அதுல பேரா எழுதியிருக்குது? ஆனா கண்டக்டரு வந்தா அதை உட்டு எந்திரிக்காத ஆளு உண்டுங்களா? இனி நீங்க எங்கிட்ட வந்து கேட்டு நிக்க வேண்டியதில்லீங்க. அது உங்க சீட்டு."

ஃபோர்மேன் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்ப சரிங்க" என்றார். அண்ணனுக்கு இந்தக் கண்டக்டர் உதாரணம் பிடித்துப்போய்விட்டது. அதை வைத்தே கம்பெனி முழுக்கச் சமாளித்தார். வேலையை விட்டுப் போனவர்களுக்கு வீட்டிலிருந்து போன் செய்து சொன்னார். ஆடு மேய்க்கும் ஸ்டோர் கீப்பருக்கு, தனக்கு அப்படி ஓர் அனுமதி இருந்ததே அப்போதுதான் தெரியும். இருந்தாலும் மனசு பொக்குன்னு போய்விட்டதாம். அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஒரு பெயரில் மட்டும் ரொம்ப நேரம் நின்றார். மாரடைப்பில் இறந்துபோன எங்கள் லேத் டர்னர் ஒருவரின் பெயர். அமராவதி அணைக்குப் போன சுற்றுலாப் போட்டோக்களுக்கு அவர் கேட்டு வாங்கிய அனுமதி. நான் முன்பே ஒருமுறை, "இதையாவது எடுங்கணா" என்று சொன்னபோது, "அவரு பேரு ஒரு ஓரமா இருந்தா நமக்கென்னங்க கொறஞ்சுபோச்சு?" என்று கேட்டிருந்தார். இந்த முறை அப்படிச் சொல்லவில்லை. டர்னர் இருக்கிற போட்டோக்களை எல்லாம் பிரிண்ட் போட்டு, கவரில் வைத்து, அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, அப்புறம்தான் எடுத்தார்.  இந்த மனிதர் மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் அன்றைக்கே போய்விட்டது.

எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தபோதுதான் நசீமா என்னிடம் வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"அக்கா, ரோலு வந்துட்டா பில் செக்‌ஷனுக்குப் பில்லு மட்டும்தான் தெறக்குமாமே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சம்பளச் சீட்டில் அவள் என்னவோ, சாப்ட்வேரிலும் இனி அவள் அதுதான். டிஸ்பாட்ச் பொறுப்பு என்கிற ரோல் காலியாக இருந்தது. அதற்குப் பவானியிலிருந்து ஒருவரை மேடம் பேசி முடித்திருந்தார். அடுத்த மாதம் சேரவேண்டியது.

"மேடத்துக்கிட்ட போய்க் கேளு நசீமா. இத்தன நாள் செஞ்சது நீதானே?"

"எப்படிக்கா கேக்கறது? அண்ணன் மனசுவெச்சுக் குடுத்தது. கம்பெனி குடுத்திருந்தா உரிமையாக் கேக்கலாம்." டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளினாள். "மறுபடியும் நாள் முழுக்கப் பில்லு அடிக்கோணும். லாரி வர்ற சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போகக் கூடாது. அதை நெனச்சாத்தான் என்னமோ பண்ணுது."

அண்ணனுக்குக் கேட்கட்டும் என்றே நான் சத்தமாகப் பேசினேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. எனக்குப் பழைய எரிச்சல் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. நல்லவராக இருந்து என்ன, ஆளில்லாத நேரத்தில் யாருக்கும் தெரியாமல் கொடுத்தது இவர். கேட்பதற்கு ஒரு பிடி இல்லாமல் இப்போது அந்தப் பெண் நிற்கிறாள்.

மாதக் கடைசியில் மேடம் எங்களைக் கூப்பிட்டார். விலைப்பட்டியல் ரோல் எனக்கு வந்ததால் நானும் போனேன்.

"எல்லாம் முடிஞ்சுதுங்களாண்ணா?"

"ஒண்ணு பாக்கீங்க அம்மணி. நசீமாதுங்க. டிஸ்பாட்ச்சு ஃபோல்டர்ல அவங்க பேரு இருக்குது."

"அவங்க பில் செக்‌ஷன் தானுங்களே? அவங்களுக்கு டிஸ்பாட்ச் எதுக்கு?"

"கதிர்வேல் போனதுல இருந்து டிஸ்பாட்ச் பாக்கறது அவங்கதானுங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "யார் சொல்லி?"

"யாரும் சொல்லலீங்க. அவங்க கேட்டாங்க, நான் குடுத்தேன்."

"சரி, அதையும் எடுத்துருங்க. அடுத்த வாரம் ஆள் வந்துருவாரு."

அண்ணன் எழுந்து நின்றார். கையைப் பிசைந்தார். எனக்குப் பயமாக இருந்தது, சரிங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாரோ என்று. தனக்காக ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கத் தெரியாத மனிதர்.

"எடுக்க முடியாதுங்க அம்மணி."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். முதலாளி வீட்டில் யாரிடமும் அவர் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. மேடமும் கேட்டிருக்கமாட்டார்.

"பேருக்குக் குடுக்காதீங்க, வேலைக்குக் குடுங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அந்தப்படிதான் அத்தனை பேருதும் எடுத்தேன். இந்த வேலையச் செய்யறது நசீமாங்க. இதை எடுத்தா, வேலை செய்யறவங்க கிட்ட இருந்து எடுத்துப்போட்டு, செய்யாத ஆளு பேருக்குக் குடுக்கற மாதிரி ஆயிருங்க. பழைய தப்பையே நான் மறுக்காச் செஞ்ச மாதிரி ஆயிரும்."

 மேடம் என்னைப் பார்த்தார். "நெஜமாலுமே அந்தப் பொண்ணுதான் பாக்குதுங்களா?" என்றார்.

"உடுமலை, பொள்ளாச்சி வாடகை கொறஞ்சதுன்னு போன மாசம் அப்பாகிட்டச் சொன்னீங்களே மேடம், அது நசீமா செஞ்சது" என்றேன்.

மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சரி என்று சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு, அண்ணனைப் போலவே சங்கடத்தோடு இழுத்தார்.

"அதெல்லாம் சரிங்ணா. அந்தப் பவானிக்காரர வரச்சொல்லிப்போட்டனே. வாங்கன்னு கூப்புட்டவங்கள வராதீங்கன்னு எப்படிங்க சொல்றது?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியூரில் படித்துவிட்டு வந்த மேடம். ரோல் என்றும் ஒழுங்கு என்றும் எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம்.

அண்ணன் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு, "நம்பரைக் குடுங்க, நான் பேசறேன்" என்றார்.

போனை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டர் பக்கம் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த மனிதர் கடைசியில் அந்த ஆளையும் வாங்க என்று சொல்லி, இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியையும் கொடுத்துவிட்டு வந்து நிற்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. முதலில் உட்கார்ந்து பேசினார். எழுந்து நடந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஜெனரேட்டரை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஓர் இடத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு என்னவோ சொன்னார். அப்புறம் ரொம்ப நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"சொல்லிட்டீங்களாணா?"

"சொல்லிப்போட்டனுங்க." தண்ணீர் பாட்டிலை எடுத்து வாயில் கவிழ்த்துக்கொண்டார். "சாப்டீங்களான்னு கேட்டேன். ஊட்டுல அல்லாரும் சௌக்கியமான்னு கேட்டேன். அப்புறம் சொல்லிப்போட்டேன். இந்த வேலைய எங்க பொண்ணு ஒருத்தி செஞ்சுட்டிருக்குது, நாங்க அதைப் பாக்காம உங்களைக் கூப்புட்டுட்டோம், தப்பு எங்களுது, நீங்க வர வேண்டாம்னு. அவருக்குக் கோவம்தானுங்க. இருக்காதுங்களா? பேசட்டும்னு கேட்டுட்டிருந்தேன்."

"கஷ்டமா இருந்துதாணா?"

"ரொம்பக் கஷ்டமுங்க அம்மணி" என்றார். "நான் எவ்வளவு நல்லவன்னு நெனச்சுட்டிருந்தேன். அந்த நல்லதனமெல்லாம், சொல்ல வேண்டியதச் சொல்லாம இருந்ததுதானுங்க, இத்தன நாளும்."

பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒரு ஃபோல்டரைத் திறந்தார், நசீமாவின் பெயரை எடுத்தார். அடுத்ததைத் திறந்தார், எடுத்தார். மூன்றாவதை எடுத்துக்கொண்டிருக்கும்போதே நசீமா வந்துவிட்டாள். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணா, பிளான் தெறக்க மாட்டேங்குது. லாரி வாசல்ல நிக்குது." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எடுத்துட்டீங்களாணா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அல்லார்கிட்டயும் போய்ச் சொன்னீங்களே."

"எடுத்துட்டனுங்க" என்றார் அண்ணன். "நான் குடுத்தது அத்தனையும் எடுத்துட்டேன். இங்க வாங்க கண்ணு, இதைப் பாருங்க."

திரையை அவள் பக்கம் திருப்பினார். டிஸ்பாட்ச் பொறுப்பாளர் என்ற ரோல். அதற்குக் கீழே காலியாக ஒரு கட்டம். அதில் அவள் பெயரை அடித்தார். அதற்குள் மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்த புது வேலை உத்தரவை மேஜையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதைப் படித்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தாளைப் படித்தாள். கண் நிரம்பிவிட்டது.

"அண்ணா, நாளைக்கு நீங்க இல்லாட்டியும் இது இருக்குமாணா?"

"நான் இல்லாட்டியும் இருக்குமுங்க."

"யாராச்சும் எடுத்துருவாங்களா?"

"எடுக்கறவங்க எடுக்கலாமுங்க. ஆனா உங்களைக் கூப்புட்டு உக்காரவெச்சு, ஏன்னு சொல்லிப்போட்டுத்தான் எடுக்கோணும்."

வாசலில் லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். நசீமா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். அங்கிருந்தே, "வாரேன் இருங்கண்ணா! டிஸ்பாட்ச்ல நாந்தான், எங்கிட்டக் கேக்காம ஒரு பம்பு ஏத்தாதீங்க!" என்று பட்டறைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.